நார்மரின் செருப்பு: எகிப்து அரசின் தோற்றம் குறித்து ஒரு காலடி ஆய்வு

எகிப்தின் தொடக்க வரலாற்றை எழுதியவர்கள் அனைவரும் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக் கிரீடம் மேல் எகிப்துக்கு, சிவப்புக் கிரீடம் கீழ் எகிப்துக்கு, இரண்டையும் சூடியவர் இரு நாட்டுக்கும் வேந்தர் என்று கணக்கை முடித்துவிட்டார்கள். இதில் அவர்களுக்குக் கழுத்து வலித்ததே தவிர, அரசு என்ற ஒன்று அந்த ஆற்றங்கரையில் எப்படி உண்டாயிற்று என்ற வினா அப்படியே கிடக்கிறது. நைல் வெள்ளமே காரணம் என்பாரும், பாசனம் என்பாரும், கிழக்குப் பாலைவனத்துத் தங்கம் என்பாரும் உளர். அவையெல்லாம் துணைக்காரணங்கள் என்க. முதற்காரணம் செருப்பு.

இதற்குச் சான்று என்னையெனின், எகிப்தின் தொடக்கக்கால மன்னர் நார்மரின் கல்.

1898-இல் மேல் எகிப்தின் ஹைராகன்போலிஸ் கோயில் மேட்டைத் தோண்டிய ஜேம்ஸ் குவிபெல், ஃபிரெடரிக் கிரீன் என்னும் இருவர் இதைக் கண்டெடுத்தார்கள். சரியாக எந்த இடத்தில் கிடைத்தது என்பதில் அவ்விருவர் குறிப்புகளும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இக்கல்லைப் பற்றிய முதல் கருத்து வேறுபாட்டுக்கு நாம் பொறுப்பல்ல. கல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 3100, உயரம் 64 செ.மீ. கண்ணுக்கு மை அரைக்கும் கல்லின் வடிவம். இவ்வளவு பெரிய கல்லில் அரைத்தால் ஊருக்கே மை தீட்டலாம். எனவே இது புழங்குவதற்கன்று, கோயிலில் வைப்பதற்கு என்கிறார்கள். இருந்தாலும் பழக்கம் விடவில்லை: நீண்ட கழுத்துள்ள இரண்டு விலங்குகள் கழுத்தோடு கழுத்து முறுக்கி நிற்க, நடுவே மை அரைக்கும் குழி அப்படியே இருக்கிறது. உலகின் முதல் அரசியல் ஆவணங்களுள் ஒன்று ஒப்பனைப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

கல்லின் ஒரு பக்கத்தில் வெள்ளைக் கிரீடம் சூடிய நார்மர், எதிரியின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு தண்டத்தை ஓங்கி நிற்கிறார். இந்தப் படம் அச்சாகாத பள்ளிப் பாடநூல் உலகில் குறைவு. எல்லாருடைய கண்ணும் ஓங்கிய கையிலேயே நின்றுவிடுகிறது. மன்னருக்குப் பின்னால் சிறியதாக ஒருவர் நிற்பதையும், அவருடைய ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறு கையில் ஒரு ஜோடி செருப்பும் இருப்பதையும் கண்டவர்கள், கண்டும் கடந்துவிட்டார்கள். பிறகுதான் மன்னரின் பாதம் தெரியும். வெறுங்கால்.

கல்லைத் திருப்பினால் சிவப்புக் கிரீடத்தில் ஊர்வலம். தலை துண்டிக்கப்பட்ட பத்து உடல்கள், அவரவர் தலை அவரவர் கால்களுக்கிடையில் வைக்கப்பட்டு, வரிசையாகக் கிடக்கின்றன. மன்னர் அங்கும் வெறுங்காலோடு நடக்கிறார். பின்னால் அதே செருப்பு, அதே செம்பு, அதே ஆள். ஹைராகன்போலிஸிலேயே கிடைத்த நார்மரின் தண்டத் தலையிலும் மன்னர் மேடையில் வீற்றிருக்க, இவர் அருகிலேயே இருக்கிறார். ஆக மூன்று காட்சிகள். அவ்வளவு பழைய காலத்தில் மன்னர் அல்லாத ஒருவரை இத்தனை முறை கல்லில் செதுக்கியது அரிது. இவரை இனிச் ‘செருப்பேந்தி’ என்றே அழைப்போம்.

செருப்பேந்தியின் தலையருகே ஒரு பூ வடிவக் குறி இருக்கிறது. தேள் மன்னர் எனப்படும் இன்னொரு பழைய வேந்தரின் தண்டத் தலையில் இதே பூ மன்னரின் முகத்துக்கு எதிரே இருப்பதால், இது ஆட்சியைக் குறிக்கும் என்றும், செருப்பேந்தி ‘ஆள்பவரின் பணியாளர்’ என்றும் படிக்கிறார்கள். ஊர்வலத்தில் மன்னருக்கு முன்னே நால்வர் கொடிக்கம்பம் ஏந்திப் போகிறார்கள். அவர்களைச் சிற்பி செருப்பேந்தியைவிடச் சிறியவர்களாகவே செதுக்கியிருக்கிறார். எகிப்தியக் கலையில் உருவத்தின் அளவே பதவியின் அளவு. கொடி தூக்குவதைவிடச் செருப்புத் தூக்குவதே முன்னேற வழி என்ற அரசியல் உண்மை 5,000 ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகியிருக்கிறது.

மன்னர் ஏன் வெறுங்காலில் நிற்கிறார்? புனிதமான இடம், வழிபாட்டுச் சடங்கு, அதனால் கழற்றினார் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. ஒரு மனிதரின் மண்டையை உடைக்கும்போது தரை அசுத்தமாகிவிடக் கூடாது என்று செருப்பைக் கழற்றியிருக்கிறார் என்றால் அந்தப் பண்பாட்டை மெச்சத்தான் வேண்டும். வண்டல் சேற்றில் செருப்பு ஒட்டும் என்பது இரண்டாம் கொள்கை. அதை முன்வைத்தது நாமே, ஆகவே மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு. வெள்ளம் வடிந்தால் சேறு காயும். ஆனால் மூன்று காட்சிகளில் எதிலும் செருப்பு காலுக்குத் திரும்பவில்லை. எஞ்சுவது செருப்புக்கடிக் கொள்கை. பாப்பிரஸ் நாணலிலும் பனையோலையிலும் தோலிலும் செய்த செருப்பு, புதிதில் கடிக்கும். ஹைராகன்போலிஸிலிருந்து கீழ் எகிப்தின் டெல்டாவுக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் நடந்தவர் எதிரியைக் கண்டதும் தண்டத்தை ஓங்கியதன் மனநிலை வேறு விளக்கம் வேண்டாதது.

“நடக்கவில்லை, நைல் வடக்கே ஓடுகிறது, படகில் போனார்” என்று ஆட்சேபிப்பார்க்கு விடை: மிக நன்று. படகில் போகிறவருக்குச் செருப்பு எதற்கு? அதனால்தான் அது செருப்பேந்தியின் கையில் இருக்கிறது. எப்படிக் கேட்டாலும் நம் கொள்கையே நிற்கிறது. இதுவே நல்ல கொள்கைக்கு இலக்கணம்.

இப்போது முடிபுக்கு வரலாம். செருப்பு வைத்திருப்பவரெல்லாம் அரசர் ஆகிவிட மாட்டார். தம் செருப்பைத் தாம் தூக்காதவரே அரசர். இது சிரிப்புக்குச் சொன்னதன்று. நாள் முழுக்கச் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் உழ முடியாது, விதைக்க முடியாது. அவருக்குச் சோறு போட இன்னொருவர் தம் தேவைக்கு மேல் விளைவிக்க வேண்டும். அந்த மிச்சத்தை வாங்கிவர ஒருவர் வேண்டும். வாங்கி வந்தவர் பாதியைத் தின்னாமலிருக்கக் கணக்கெழுத ஒருவர் வேண்டும். கணக்கெழுத எழுத்து வேண்டும். தானியம் வைக்கக் களஞ்சியமும் அதற்கு முத்திரையும் வேண்டும். நூலின் ஒரு முனை செருப்பேந்தியின் கையில். மறுமுனையைப் பிடித்து இழுத்தால் மொத்த அரசாங்கமும் வந்துவிடுகிறது.

எழுத்து அப்படித்தான் வந்தது என்பதற்கு அபைடோஸ் சாட்சி. அங்கே யூ-ஜே என்று எண்ணிட்ட கல்லறையை 1988-இல் குண்டர் டிரையர் தோண்டினார். நார்மருக்கும் முந்தைய ஓர் ஆட்சியாளர் அதில் இருந்தவர். எலும்பிலும் தந்தத்திலும் செய்த சுமார் 160 சிறு வில்லைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளை. பறவையோ விலங்கோ எண்ணோ கீறியிருக்கிறது. உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் இவை அடங்கும். காவியமன்று, பிரார்த்தனையன்று, காதல் கடிதமும் அன்று. பொருள்மேல் கட்டித் தொங்கவிட்ட சீட்டு. மனித குலம் முதன்முதலாக எழுத்தாணியைக் கையிலெடுத்தது மூட்டைக்கு அடையாளம் போடத்தான் என்பது கவிஞர்களுக்கு வருத்தமாக இருக்கலாம்.

இந்தச் சீட்டு மரபின் தலைசிறந்த படைப்பை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம். முதல் வம்சத்தின் ஐந்தாம் மன்னர் டென்னுடையது. தந்தத்தில் செய்தது, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது, மூலையில் கயிறு கோக்கத் துளை. ஒரு முகத்தில் டென் மன்னர் மண்டியிட்ட எதிரியை அடிக்கிறார். ‘கிழக்கை அடித்த முதல் தடவை’ என்று எழுதியிருக்கிறது. புத்தகங்களில் அச்சாவது இந்த முகம்தான். மறு முகத்தில் என்ன இருக்கிறது? ஒரு ஜோடி செருப்பு.

ஆம், இது செருப்பில் கட்டிய சீட்டு. கல்லறைக்குள் மன்னரின் காலணியோடு போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியவருக்குச் செருப்புப் படமே போதும். அப்படியானால் போர்க் காட்சி எதற்கு? அக்காலத்தில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டில் நடந்த பெரிய காரியத்தின் பெயரையே ஆண்டுக்கு இடுவார்கள். எண்ணெய்ச் சாடிகளில் கட்டிய சீட்டுகளிலும் இந்த வழக்கம் உண்டு. எனவே கிழக்கை அடித்ததும் பெரும்பாலும் ஓர் ஆண்டுக் குறிப்பே. இன்றைய மொழியில் சொன்னால், தயாரிப்பு ஆண்டு. பொருள், உடையவர் பெயர், தயாரிப்பு ஆண்டு மூன்றும் அச்சீட்டில் ஒழுங்காக இருக்கின்றன. விலை மட்டும் இல்லை, மன்னரிடம் யார் கேட்பது? சினாய்ப் பக்கத்து மக்கள் அடிபட்டு உயிர்விட்டது வரலாற்றில் நின்றது ஒரு ஜோடி செருப்பின் தேதியாக. நம் துறையிலும் கண் கலங்கும் இடங்கள் உண்டு.

மெனெஸ் பற்றி ஒரு சொல். எகிப்தை ஒன்றாக்கிய முதல் மன்னர் என்று பிற்கால மரபு சொல்லும் மெனெஸ், நார்மரேதானா, அவருக்குப் பின் வந்த ஆஹாவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் வரலாறு எழுதிய எகிப்தியப் பூசாரி மனெத்தோ, மெனெஸை நீர்யானை கொன்றது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டியோடோரஸ் என்னும் கிரேக்கரோ, மன்னரை அவருடைய சொந்த நாய்களே துரத்தின என்றும், ஏரிக்கரைக்கு ஓடியவரை ஒரு முதலை முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தது என்றும் எழுதினார். வளர்ப்பு நாய் உடையவரைத் துரத்துவானேன் என்று உரைகாரர் எவரும் கேட்கவில்லை. நாய்கள் எதைக் கவ்வ வந்தன என்பதை நாய் வளர்ப்போர் எளிதில் ஊகிப்பர்.

இத்துறைக்கு நேரடிச் சான்றுகள் குறைவாக இருப்பதற்கு அருங்காட்சியகங்களும் காரணம். அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரீயின் ஆட்கள் அபைடோஸில் முதல் வம்சத்து ஜெர் மன்னரின் கல்லறைச் சுவரில் ஒரு துளைக்குள் துணி சுற்றிய கை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதில் தங்கமும் நீலக்கல்லும் கோத்த நான்கு காப்புகள் இருந்தன. கை கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்த எமில் புருக்ஷ் காப்புகளை வைத்துக்கொண்டு கையைத் தூக்கி எறிந்துவிட்டார். அரச வம்சத்துக் கைக்கே இந்தக் கதி. கால் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

அதே ஜெரின் கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கு மேற்பட்ட சிறு குழிகள் உள்ளன. மன்னரோடு மறுமைக்குப் போன பணியாளர்களின் குழிகள் அவை. பலரைக் கொன்றே புதைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மறுமையிலும் மன்னர் தம் செருப்பைத் தாமே தூக்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலும். அரசு வேலையில் ஓய்வுபெறும் வயது அரசர் சாகும் வயதாக இருந்த காலம் அது. முதல் வம்சத்தோடு இந்த வழக்கம் ஏறக்குறைய நின்றுபோனதைத் தொழிலாளர் நல வரலாற்றில் சேர்க்கலாம்.

உயிரைக் குறிக்கும் அந்தப் புகழ்பெற்ற எகிப்தியச் சின்னம், மேலே வளையமும் கீழே குறுக்குக் கட்டையுமாக இருப்பது, உண்மையில் செருப்பு வார்தான் என்று கருதியவர் சாதாரண ஆள் அல்லர்; எகிப்திய இலக்கணத்தில் பெரும் புலவரான ஆலன் கார்டினர். வேறு ஏதோ முடிச்சு என்று மறுப்போர் உண்டு. கார்டினர் சொன்னது சரியென்றால், கோயில் சுவர்களில் தெய்வங்கள் மன்னரின் மூக்கருகே உயிர் தரும் பொருளென்று மூவாயிரம் ஆண்டுகளாக நீட்டிக்கொண்டிருப்பது செருப்பு வாரை. மன்னர்களும் முகம் சுளிக்காமல் நிற்கிறார்கள். பக்தி என்றால் அதுவல்லவா. நார்மர் காலத்தில் காலின் கீழே கிடந்த எதிரிகளை, சுமார் 1,800 ஆண்டுகளுக்குப் பின் துத்தன்காமனின் செருப்படியிலேயே சித்திரித்து வைத்தார்கள். போருக்குப் போகாமல் வீட்டுக்குள் உலாத்தினாலே வெற்றி.

இனிப் பழைய அரசுக் காலத்துப் பாத ஆவணங்கள். ஐந்தாம் வம்சத்தில் நெஃபெரிர்காரே மன்னரின் கோல், ஒரு சடங்கின் நடுவே ராவெர் என்ற உயர் அதிகாரியின் காலில் பட்டுவிட்டது. மன்னரின் கோல் பட்டால் என்ன ஆகுமோ என்று எல்லாரும் திகைத்திருக்க, “நலமாயிரு” என்று மன்னர் சொன்னார். சொன்னதோடு விடாமல், தாம் சொன்னதைக் கல்லில் வெட்டி ராவெரின் கல்லறையில் வைக்கவும் ஆணையிட்டார். தெரியாமல் இடித்ததற்குக் கல்வெட்டில் மன்னிப்புப் பெற்ற ஒரே கால் அதுவாக இருக்கலாம். அதே காலத்து ப்தாஹ்ஷெப்ஸெஸ் என்பவர், மன்னர் தம்மைத் தரையை முத்தமிட விடாமல் திருப்பாதத்தையே முத்தமிட விட்டார் என்று கல்லறையில் பெருமையோடு பொறித்துக்கொண்டார். தரைக்கும் பாதத்துக்கும் இடையில் செருப்புக் கனம்தான் தூரம். ஒரு வாழ்நாள் பதவி உயர்வு அதற்குள் அடங்கியிருக்கிறது.

துறையின் உச்சம் வெனி. ஆறாம் வம்சம்; டெட்டி, முதலாம் பெபி, மெரன்ரே என மூன்று மன்னர்களிடம் பணி. அபைடோஸில் கிடைத்த அவருடைய நீண்ட தன்வரலாற்றுக் கல்வெட்டில், தாம் அரண்மனையில் செருப்பேந்தியாக இருந்தபோது மெரன்ரே தம்மை மேல் எகிப்து முழுமைக்கும் ஆளுநர் ஆக்கினார் என்கிறார். இராமாயணத்தில் பாதுகை அரியணை ஏறியது. எகிப்தில் பாதுகையைத் தூக்கியவர் ஆளுநரானார். அதற்கு முன்பே பெபியின் படைக்குத் தலைமை தாங்கி மணல்வாசிகளோடு போர் செய்தவர் அவர். படையை எவ்வளவு கட்டுப்பாடாக நடத்தினார் என்பதற்கு அவரே தரும் சான்று, தம் வீரர்களில் எவரும் வழிப்போக்கரிடம் ரொட்டியையோ செருப்பையோ பிடுங்கவில்லை, எந்த ஊரிலும் துணி எடுக்கவில்லை, யாருடைய ஆட்டையும் ஓட்டிப் போகவில்லை என்பது. பொய்யாக இருக்க முடியாது. செருப்பின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? வரிசையையும் கவனிக்க வேண்டும்: ரொட்டிக்கு அடுத்தது செருப்பு. துணியும் ஆடும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.