முதலாளி மருமகனுக்கு மாமன் சொல்லுதது

மருமகனே, நீ வேலையை விடப்போற சங்கதி உன் வாயால வரலை. உங்கம்மா சொல்லித்தான் தெரியும். சொன்னாளா அழுதாளான்னு பிரிச்சுச் சொல்ல முடியலை. "அண்ணே, ஒண்ணாந்தேதி ஆனா டாண்ணு விழுகிற சம்பளத்தை விட்டுட்டு, இவன் ஸ்குரூடிரைவரைத் தூக்கிட்டுக் கோவில்பட்டித் தெருவெல்லாம் அலையப்போறானாம். நீங்கதான் நல்லபடியாச் சொல்லித் தடுக்கணும்"ன்னா. கூடப்பிறந்தவ பேச்சைத் தட்ட முடியுமா? சரி, தடுக்கேன்னு சொல்லிட்டேன். சொன்னதோட சரி. உன்னைத் தடுக்க எனக்கென்ன கிறுக்கா? ஊர்ல மோட்டார், பேனல் போர்டு பாக்குதவன் ஒருத்தன் கூடுனா எனக்கு லாபம்தானே.

அதுக்குள்ள விசிட்டிங் கார்டு அடிச்சிட்டியாமே! உங்கம்மா மடியில முடிஞ்சு கொண்டாந்து காட்டுனா. இன்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் சொல்யூஷன்ஸ், ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ. படிக்கவே ரெண்டு மூச்சு வேணும்போல இருக்கே. கம்பெனியில ஆளு எத்தனை? நீ ஒருத்தன். சி.இ.ஓ.வும் நீ, ஏணி பிடிக்கிறவனும் நீ, டீ வாங்கப் போறவனும் நீ. நம்ம தீப்பெட்டி ஆபீஸ்காரரு இந்தக் கார்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, பேனல் போர்டு ரிப்பேர் பாப்பீங்களா?"ன்னுதான் கேப்பாரு. அதையே தமிழ்ல பெருசா அடிச்சிருந்தா அவரு வாயும் நோகாது, உன் காசும் மிஞ்சும்.

சரி, கார்டு கிடக்கட்டும். நீ ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில இத்தனை நாளாப் பாத்தது ஆத்துப் பாசனம். மடையைத் திறந்தா தண்ணி. எவனோ மேல ஒருத்தன் அணையைப் பாத்துக்கிடுதான், நீ வரப்புல உக்காந்து காலாட்டிக்கிட்டிருந்த. இனி பாக்கப்போறது மானாவாரி. கரிசக்காட்டுல பிறந்தவனுக்கு மானாவாரியைச் சொல்லிக் குடுக்கணுமான்னு நினைச்சேன். நீ போடுற திட்டத்தைக் கேட்டா சொல்லித்தான் குடுக்கணும்போல இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, முன்கூட்டியே புழுதியில விதைச்சிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டிருக்கிற கூட்டம் நாம. உங்க தாத்தா என்னைக்காவது ஒத்த விதையை மட்டும் விதைச்சிருக்காரா? பருத்திக்கு ஊடால உளுந்தும் பாசியும், ஓரத்துல ஆமணக்கு, மேட்டுத் துண்டுல கம்பு, பள்ளத்துல குதிரைவாலி. பருத்தி கைவிட்டா உளுந்து. அதுவும் கைவிட்டா தொழுவுல நாலு ஆடு. அடுத்த வருச விதையை மட்டும் குலுக்கையில பூசி வச்சிருவாரு. வீட்ல உலை கொதிக்கலைன்னாலும் அதைத் தொடமாட்டாரு. நீ என்னடான்னா ஒரே ஒரு மில்லு மேனேஜரு, "வாங்க தம்பி, பாத்துக்கிடலாம்"ன்னு சொன்னதை வச்சு ராஜினாமா எழுத உக்காந்துட்ட. அந்த மேனேஜரே அடுத்த வருசம் அங்க இருப்பாரான்னு அவருக்கே தெரியாது.

ராஜினாமா எழுதுததுக்கும் நாள் பாக்கணும்டா. பஞ்சாங்கத்துல இல்லை, சர்வீஸ் புஸ்தகத்துல. உனக்கு வர்ற ஆனியிலதான அஞ்சு வருசம் முடியுது? உன்னை மாதிரி நிரந்தர ஆளுக்கு அஞ்சு வருசம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டிக்குக் கவலை இல்லாம உரிமை வரும். 1972 சட்டத்துல இருந்தே வர்ற விதி. வருசத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம்னு கணக்குப் போட்டுக் குடுக்கணும். அதை வாங்காம மாசியிலேயே "எனக்குச் சுதந்திரம் வேணும்"னு கிளம்புனா, சுதந்திரத்துக்கு நீ குடுத்த விலை அந்தத் தொகை. பி.எஃப். பணத்தையும் உடைச்சு டூல் கிட்டு வாங்கிராதே. அதுல சேர்ற பென்ஷனுக்குப் பத்து வருச சர்வீஸ் கணக்கு இருக்கு. அதுதான் உன் குலுக்கை.

இன்னொண்ணு. இ.எஸ்.ஐ. எல்லாம் 21,000 ரூபா சம்பளத்தோட சரி, நீ அதைத் தாண்டிட்ட. கம்பெனி போட்ட மெடிக்கல் இன்சூரன்ஸை வச்சுத்தான் உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணுன. வேலையை விட்டா அதுவும் கூடவே போயிரும். கடைக்கு போர்டு மாட்டுததுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு பாலிசி எடு. வீட்டு லோன் வாங்குத எண்ணம் இருந்தா, சம்பளச் சீட்டு சூடா இருக்கும்போதே வாங்கிரு. நாளைக்குத் தொழிலதிபர்னு பேங்க்ல போய் நின்னா, வருமான வரிக் கணக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் கேப்பான். சம்பளக்காரனுக்கு நாற்காலி போடுற பேங்க்தான், தொழிலதிபருக்கு பெஞ்சைக் காட்டும். பொண்ணு குடுக்கிறவன் அதுவும் காட்ட மாட்டான். அவன் அகராதியில சொந்தத் தொழில்னா வேலை கிடைக்கலைன்னு அர்த்தம்.

வேலையை விட்டவன் உருப்பட்டதே இல்லையான்னு நீ எதிர்க்கேள்வி கேப்ப. இருக்கானே! நம்ம சீமைத் திருக்குறுங்குடிக்காரரு டி.வி.சுந்தரம் அய்யங்கார். ரயில்வேயில இருந்தாரு, பேங்க்ல இருந்தாரு, ரெண்டையும் விட்டுட்டு 1912 வாக்குல மதுரையில பஸ் விட்டாரு. இன்னைக்கு டி.வி.எஸ்.னு நீ ஓட்டுற வண்டியில எழுதியிருக்கே, அந்த ஆளுதான். ரெண்டாம் உலகப் போருல பெட்ரோலுக்குத் தட்டு வந்தப்ப அவரு பஸ்ஸை நிறுத்தி வச்சுட்டுத் துண்டை விரிச்சுப் படுக்கலை. கரியை எரிச்சு வண்டி ஓடுற கேஸைத் தர்ற பிளாண்டைச் செஞ்சு வண்டியில மாட்டி விட்டாரு. நம்மாளு யாராவது "மழை இல்லை, என்ன செய்ய?"ன்னு கையைக் கட்டி உக்காருதானா, அதே கதைதான்.

இந்தக் காலத்து ஆளு வேணும்னா தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில சைக்கிள்ல சுத்துதாரே, ஸ்ரீதர் வேம்பு. அமெரிக்காவுல குவால்காம் வேலையை விட்டு வந்து, 1996ல கூட்டாளிகளோட ஆரம்பிச்ச கம்பெனிக்குப் பேரு அட்வென்ட்நெட். நெட்வொர்க் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் வித்தாங்க. 2001 வாக்குல அந்தக் கம்பெனிகளே படுத்துப் போச்சு, வாடிக்கையும் கரைஞ்சு போச்சு. வேற வேற சாமானாச் செஞ்சு பாத்து நிமிர்ந்த பிறகுதான், 2009ல கம்பெனிக்கு ஜோஹோன்னு பேரு வச்சாங்க. இப்பச் சொல்லுத பேரு நிலைக்கவே பதிமூணு வருசம் ஆயிருக்கு மருமகனே. நீ முதல் நாளே ஆயிரம் கார்டு அடிச்சிட்ட.

பெரிய ஆளு வந்து உன் விலையை உடைப்பான், அதுக்கும் தயாரா இரு. ஓட்டப்பிடாரத்துக்காரரு வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சப்ப வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செஞ்சான்? டிக்கெட்டைக் குறைச்சான். அதுக்கும் கூட்டம் போகலைன்னதும் சும்மாவே ஏறுங்கன்னான். குடையும் இனாம்னான். ஜனம் கொஞ்ச நாள் இவரு கப்பலைத்தான் தேடிப் போச்சு. ஆனா 1908ல அவரை ஜெயில்ல போட்டு, 1911ல கம்பெனியையே கலைச்சாங்க. உன்னை யாரும் ஜெயில்ல போட மாட்டான், அந்த அளவுக்கு உன்னை மதிக்க மாட்டான். மெஷின் வித்த கம்பெனிக்காரன், "ஒரு வருசம் சர்வீஸ் இலவசம்"னு சொல்லுவான், அவ்வளவுதான். அவன் இலவசத்தோட நீ மல்லுக்கு நிக்காதே. அவன் ஆளு கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறி வர்றதுக்குள்ள நீ போய் நிக்கலாம். உனக்கு விலை அங்கதான் இருக்கு.

அந்த விலையைக் கேக்குததுக்குத்தான் உனக்கு வாய் இல்லை. பொங்கல் லீவுல வந்திருந்தப்ப ஒரு மில்லுல ஸ்பின்னிங் ஃபிரேம் நின்னுபோச்சுன்னு கூட்டிட்டுப் போனாங்களே, நானும் வேடிக்கை பாக்கப் பின்னாடியே வந்தேனே! டிரைவ் டிரிப் ஆகுது, ஏன்னு தெரியலைன்னு நாலு பேரு நின்னு பேசிக்கிட்டிருந்தான். நீ பேனலைத் திறந்த. டிரைவோட ஃபேன் முழுக்கப் பஞ்சு அடைஞ்சு, கிட்டப் போனாலே அனல் அடிச்சுது. மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்சம் பொறுத்த. பிரஷ்ஷால பஞ்சைத் தட்டி, ஊதி, இறகு லேசாச் சுத்துதான்னு விரலால ஒரு தள்ளு தள்ளிப் பாத்துட்டுத் திரும்பப் போட்ட. ஓடுச்சு. அரைமணி வேலை. "எவ்வளவு தம்பி?"ன்னாரு மேனேஜரு. நீ தலையைச் சொறிஞ்சுக்கிட்டு "பாத்துக் குடுங்க சார்"ன்ன. அவரும் பாத்தாரு, உன் மூஞ்சியை. அந்த மூஞ்சிக்கு என்ன தோணுச்சோ அதைக் குடுத்தாரு. இருநூறு ரூபாயும் ஒரு டீயும். ஃபிரேம் நின்ன நேரத்துக்கு நூல் எவ்வளவு போச்சுன்னு அவருக்குத் தெரியும், கேக்க உனக்குத் தெரியலை. வந்து பாக்க இவ்வளவு, ராத்திரி வந்தா இவ்வளவு, பொருள் தனின்னு எழுதிச் சட்டைப்பையில வச்சுக்கோ. வாய் வரலைன்னா தாளை நீட்டு.

நம்ம ஊர்த் தீப்பெட்டிக்காரங்களும் உன்னை மாதிரிக் கூச்சக்காரங்கதான். 2007ல ஒரு ரூபா ஆக்குன பெட்டியை, மெழுகு, அட்டை, பாஸ்பரஸ் எல்லாம் ஏறிக்கிட்டே போனப்பவும் 2021 டிசம்பர் வரைக்கும் ஒரு ரூபாவுக்கே வித்தாங்க. பதினாலு வருசம்! அப்புறம் எல்லாரும் சிவகாசியில கூடிப் பேசித்தான் ரெண்டு ரூபா ஆச்சு. அவங்க சங்கமாக் கூடிக் கேட்டாங்க. உனக்கு எந்தச் சங்கமும் வராது.

வேலை குடுக்கிறது ஒருத்தன், காசு குடுக்கிறது இன்னொருத்தன், அதுவும் தெரிஞ்சுக்கோ. சுவிட்ச்சைப் போட்டதும் கும்பிடுத சூப்பர்வைசருக்கும், பில்லைப் பாத்ததும் "சாயங்காலம் வாங்க"ங்கிற அக்கவுண்ட்ஸ்காரனுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. அதுக்குத்தான், உதயம்னு சிறு தொழில் பதிவு ஒண்ணு போட்டுக்கோ. அது இலவசம், எவனுக்கும் ஐநூறு ஆயிரம் குடுத்துராதே. பதிஞ்ச சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006ல போட்ட சட்டம் இருக்கு. சட்டம் பேசி மில்லோட சண்டைக்குப் போனா அடுத்த வேலை வராது, போகாதே. பில்லுல உதயம் நம்பரைப் பளிச்சுன்னு அடிச்சு விடு, போதும். 2024 ஏப்ரல்ல இருந்து, அந்த நாளைத் தாண்டியும் குடுக்காத பாக்கியை அவங்க அந்த வருசச் செலவுக் கணக்குல காட்டி வரி குறைக்க முடியாது. நீ போன் அடிக்கவே வேண்டாம். மார்ச் மாசம் பிறந்தா அவங்க ஆடிட்டருக்கே உன் ஞாபகம் வந்துரும். ஜி.எஸ்.டி.க்கு ஓடாதே, சர்வீஸ் தொழிலுக்கு வருசம் 20 லட்சம் தாண்டுனாத்தான் கட்டாயம். தாண்டுனா எனக்கும் சொல்லு, நான் கடன் கேக்கணும்.

தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையத்துல நீட்ஸ்னு ஒரு திட்டம் இருக்கு. படிச்ச முதல் தலைமுறைத் தொழில்காரனுக்கு 25 சதவீதம் மானியம். விசாரிச்சுப் பாரு, தப்பில்லை. ஆனா மானியம் வருதேன்னு, தேவையில்லாத மெஷினை எல்லாம் வாங்கிக் கொட்டகையில நிறுத்தாதே. முதல்ல பைக், டூல் பை, நல்ல மல்டிமீட்டர். அப்புறம் வருசக் கான்ட்ராக்டா நாலு இடத்தைப் பிடி. ரெண்டு தீப்பெட்டி ஆபீஸ், ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி, கயத்தாறு பக்கம் மின்சாரக் காத்தாடி பாக்குத ஒரு கான்ட்ராக்டர். காசு கொஞ்சம்தான், ஆனா மாசாமாசம் வரும். மழை பொய்ச்சாலும் தொழுவுல ஆடு நிக்கணும்ல? வேலையை விட்டுக் கிளம்பும்போது கம்பெனி புரோகிராம் ஒண்ணையும் பென்டிரைவுல ஏத்திட்டு வராதே. சேரும்போது படிக்காமக் கையெழுத்துப் போட்டியே, அந்தத் தாளை இப்பவாவது படி.

கடைசியா, சொந்தக்காரங்க. கடை திறந்த மறுநாளே சித்தப்பா வீட்டு மிக்ஸி வரும், மதினி வீட்டு இன்வெர்ட்டர் வரும். "நம்ம பையன்தானே"ன்னு ஒரு வார்த்தை கூடவே வரும். முதல் ஆளா நான்தான் நிப்பேன். என் கிணத்து மோட்டாரு ஆடியில இருந்து முனகிக்கிட்டிருக்கு. வந்து பாரு, வேலையை முடி, முடிச்ச கையோட பில்லைப் போட்டு என் கையில குடு. நான் குடுப்பேனா மாட்டேனாங்கிறது வேற விசயம், நீ கேட்டுப் பழகு.