ஒரு புள்ளிக்கு ஓர் ஊசி: கேள்வி–பதில்

கே: பையர் அனுப்பிய பிக்சல் படத்தில் கண்ணுக்கு நாலு நிறம்தான். கம்ப்யூட்டர் 200 நிறம் என்கிறதே?
*– பிரிண்டிங் டிசைனர், அனுப்பர்பாளையம்*

ப: ஜேபெக் செய்த வேலை. படத்தை 8-க்கு 8 கட்டமாக வெட்டிச் சுருக்கும்போது, ஓரமெல்லாம் அழுக்கு நிறம் ஒட்டிக்கொள்ளும். பிஎன்ஜி கேளுங்கள். தராவிட்டால் இன்டெக்ஸ்டு மோடுக்குப் போய் நாலு நிறத்துக்கு இறக்குங்கள். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். 200 ஸ்கிரீன் என்றால் உங்கள் டேபிள் காங்கயம் வரை நீளும்!

கே: சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் கலங்கிப் போகிறது.
*– கல்லூரி மாணவி, அவிநாசி*

ப: பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' தேர்ந்தெடு கண்ணு. 2, 3, 4 என்று முழு மடங்காக ஏற்று. இரண்டரை மடங்கு கேட்டால் சில புள்ளி இரண்டாகும், சில மூன்றாகும். பூனைக்கு ஒரு கண் மட்டும் பெருத்துவிடும்.

கே: அங்கங்கே கிடக்கும் ஒற்றைப் புள்ளிகளை அழிக்கலாமா?
*– ஜாக்கார்டு ஆபரேட்டர், மங்கலம்*

ப: சிங்கிள் ஜெர்சி ஜாக்கார்டில் பின்னாத நூல் துணியின் பின்பக்கம் மிதக்கும். 20 கண்ணி தள்ளி ஒரே ஒரு சிவப்புப் புள்ளி என்றால், அதுவரை சிவப்பு நூல் தொங்கும். குழந்தையின் விரல் அதில்தான் மாட்டும். தூசி என்றால் துடையுங்கள். கிளியின் கண் என்றால் கை வைக்காதீர்கள். தூசிக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் மென்பொருளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கே: திரையில் வட்டம், துணியில் முட்டை. ஏன்?
*– சாம்பிள் மாஸ்டர், வீரபாண்டி*

ப: திரையின் புள்ளி சதுரம், பின்னலின் கண்ணி சதுரம் அல்ல. அங்குலத்துக்கு 30 வேல்ஸ் (நெடுக்கு வரிசை), 40 கோர்ஸ் (குறுக்கு வரிசை) என்றால், 30 புள்ளி அகலத்துக்கு 40 புள்ளி உயரம் வரையுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிக்சல் விகிதத்தை 1.33 என்று வைத்தால் திரையிலேயே துணி தெரியும். அளவைக் கம்பாக்டிங் முடிந்த துணியில் எடுங்கள். மெஷினிலிருந்து இறங்கிய துணி சொல்வது பொய்க்கணக்கு.

கே: டிசைன் சுத்தமாக இருந்தும் ரிப்பீட் சேரும் இடத்தில் வெட்டுகிறது.
*– நிட்டிங் யூனிட், பெருமாநல்லூர்*

ப: 30 இஞ்ச் டையா, 24 கேஜ் வட்ட மெஷினில் சுமார் 2,260 ஊசி இருக்கும். உங்கள் மெஷினின் சரியான ஊசிக்கணக்கு, ரிப்பீட் அகலத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். நாலாம் வகுப்புக் கணக்குத்தான். தப்பினால் அபராதம் மட்டும் டாலரில்.

கே: நிறத்தைக் குறைத்தால் படம் முழுக்கப் பொறிப்பொறியாக வருகிறதே?
*– மெர்ச்சண்டைசர், காதர்பேட்டை*

ப: அது டிதரிங். ஃபிளாய்ட், ஸ்டெய்ன்பெர்க் இருவரும் 1976-ல் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. திரைக்கு அழகு, பின்னலுக்கு ஆகாது. நிறம் குறைக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஷேடிங் என்று அனுப்புவதை பையர் டிஃபெக்ட் என்று திருப்புவான்.

கே: படிக்கட்டு மாதிரித் தெரியும் ஓரத்தைத் தானாக வழவழப்பாக்க வழி உண்டா?
*– ஃப்ரீலான்ஸ் டிசைனர், பல்லடம்*

ப: உண்டு. பிக்சல் படத்தை வளைகோடாக மாற்றும் முறையைக் கோப்ஃப், லிஷின்ஸ்கி இருவரும் 2011-ல் வெளியிட்டார்கள். பிரிண்டுக்கு அருமை. ஜாக்கார்டுக்கு அதை மறுபடி புள்ளியாக்கத்தான் வேண்டும். அவிநாசி போகக் கோவையைச் சுற்றுவானேன்?

கே: காசு கட்டாமல் எந்த மென்பொருள்?
*– புதிதாகத் தொழில் தொடங்குபவர், முருகம்பாளையம்*

ப: அஸ்ப்ரைட்டுக்குக் காசு, அதிலிருந்து பிரிந்த லிப்ரேஸ்ப்ரைட் இலவசம், ஜிம்ப்பும் இலவசம். தறிக்காரர்களுக்கு டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் 'டிஜிபுனாய்' என்ற திறந்த மென்பொருளே தந்திருக்கிறது. பின்னலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். கேட்க வேண்டியது திருப்பூர்தான். திருட்டு காப்பி மட்டும் வேண்டாம், வைரஸுக்கு ஷிப்மெண்ட் தேதி தெரியாது.

கே: பத்துப் பதினைந்து புள்ளியில் ஒரு முகம் வருமா?
*– பள்ளி மாணவன், ஊத்துக்குளி*

ப: 1981-ல் வீடியோ கேமுக்காக மியமோட்டோ வரைந்த மாரியோவைப் பார் தம்பி. முடி வரைய இடமில்லை, தொப்பி வைத்தார். வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அந்த மீசைதான்!

கே: இருபது வருஷம் எம்பிராய்டரி போட்டவள் நான். இந்தக் கம்ப்யூட்டர் வேலை எனக்கு வருமா?
*– தையல் தொழிலாளி, தாராபுரம் ரோடு*

ப: 1984-ல் வந்த மேக்கின்டாஷின் சின்னப் படங்களை 32-க்கு 32 கட்டத்தில் வரைந்த சூசன் கேர், ஊசி வேலையும் மொசைக்கும் பழகியவர். முதலில் கட்டம் போட்ட நோட்டில்தான் வரைந்தார். எந்தப் புள்ளி வேண்டும், எது வேண்டாம் என்பதை இருபது வருஷமாகத் தினமும் தீர்மானித்தவர் நீங்கள். நாளைக்கே உட்காருங்கள் அம்மா. ஊசி பிடித்த கைக்கு மவுஸ் ஒரு பாரமா?