நடுத்துண்டு ஒழிப்பியல்: அடுகோடி மீன் பாஸ்தா பேக் குறித்து ஓர் ஆய்வு

குடும்பத்துக்குக் குறைந்த செலவில் மீன் பாஸ்தா பேக் செய்வது பற்றி அறிஞருலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையைத் தீர்க்க இக்கட்டுரை பெங்களூருவின் அடுகோடியைக் களமாகக் கொள்கிறது. பொருத்தமான களம்தான். 1951இல் மைக்கோவாகப் பிறந்து 2008இல் பாஷ் எனப் பெயர் மாறிய நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயர் பொறித்த அவன்கள் உலகெங்கும் விற்கின்றன. மதிலுக்கு இந்தப் பக்கத்து வரிசை வீடுகளில் இருப்பதோ பிரஷர் குக்கர்.

முதலில் சிக்கலை வரையறுப்போம். குழம்பு மீனுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. நடுத்துண்டோ எப்போதும் வீட்டு ஆட்களைவிட ஒன்று குறைவு. இவ்விதிக்கு விலக்கு எங்கும் பதிவாகவில்லை. கரண்டி சட்டிக்குள் இறங்கும்போதே எல்லோரும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே மீன் செலவு என்பது பசியால் வருவதன்று, எண்ணிக்கையால் வருவது என்பதே இவ்வாய்வின் துணிபு. மீனை உதிர்த்துவிட்டால் எண்ண முடியாது. எண்ண முடியாதபோது அரை கிலோ மத்தி ஐந்து பேருக்குப் போதும்.

மத்தியை ஆவியில் வேகவைத்துப் பிளந்தால் நடுமுள் முழுசாகக் கையோடு வரும். வாங்கும் நாள் முக்கியம். கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; கர்நாடகக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரு வாரங்களில் இரண்டு கடலும் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, கடலே இல்லாத பெங்களூரு ஆந்திரத்துக் கட்லாவிடம் சரணடைகிறது. கட்லாவின் முள்ளை எடுப்பது தனி ஆய்வுக்குரியது.

பாஸ்தா வேகும் நேரத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டவர் கடல்மட்டத்தில் குடியிருப்பவர். அடுகோடி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓரிரு நிமிடம் கூட விடுக.

இனி வெள்ளைச் சாறு: மைதா, வெண்ணெய், பால். பாலுக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே டெய்ரி சர்க்கிள். 1927இல் காந்தியே மாடு வளர்ப்பைக் கற்க இவ்வட்டாரத்துப் பால் பண்ணை நிறுவனத்துக்கு வந்தார். மீன் விஷயத்தில் அவர் கருத்து எதிர்பார்த்ததே.

மேலே சீஸ் தூவலாமா? மீனோடு சீஸ் சேராது என்பது இத்தாலிய மரபு. சிசிலியின் மத்திப் பாஸ்தாவுக்குப் பெருஞ்சீரகக் கீரை சேர்ப்பார்கள். மேலே தூவுவது வறுத்த ரொட்டித்தூள். சீஸ் வாங்க முடியாதவர்களின் வழி அது. அடுகோடிப் பாடபேதம் கீரைக்குப் பதில் சோம்பும், ரொட்டித்தூளுக்குப் பதில் ஐயங்கார் பேக்கரி ரஸ்க்கும் கொள்ளும். ரஸ்க் மத்தியின் தலைமேல் ஏறுவதை ஐயங்கார் அறியார், அறிவிக்கவும் வேண்டியதில்லை.

குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, பத்து நிமிடம் சூடேற்றி, பாஸ்தாவும் மீனும் வெள்ளைச் சாறும் கலந்த பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, அரைமணி சிறுதீயில் விடுக. குக்கர் மேற்புறத்தைச் சிவக்க விடாது. ஆகவே மேலே தூவும் ரஸ்க்தூளை முன்பே வாணலியில் வறுத்துவிட வேண்டும்.

மறுப்புரையும் உண்டு. “ஏம்மா, இதுல மீனு எங்க?” என்றார் ஒரு மாமியார். “எல்லா இடத்துலயும் இருக்குத்தே” என்றாள் மருமகள். பிரகலாதன் தூணைக் காட்டிச் சொன்ன அதே விடை. மாமியார் மேற்கொண்டு வாதிடவில்லை, சாப்பிட்டார்.

ஆனால் கோட்பாட்டில் ஓர் ஓட்டை. பாத்திரத்தின் சுவரையொட்டி ஒரு விரற்கடை முறுகல் படிகிறது. நடுவே குழைவாக இருப்பதை யாரும் கேட்பதில்லை, ஓரத்துக்கே அடிதடி. ஆப்பு வடிவில் வெட்டினால் ஆளுக்கொரு ஓரம் கிடைக்கும் எனக் கணக்கு சொல்கிறது. சமைத்தவரோ கரண்டியால்தான் பரிமாறுகிறார். எல்லோரும் எழுந்தபின் அடியில் ஒட்டியதைச் சுரண்டுபவர் அவரே. முறுகல் அங்கேதான் அதிகம்.