சித்தப்பாவின்ர குப்பைப் பை

ஒஸ்லோ,
மாசி 12

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின்ர முழங்கால் நோ இப்ப எப்பிடி?

போன புரட்டாதியிலை நீங்கள் போனிலை "டேய், உந்த வடக்கு வெளிச்சம் பாத்தனியோ?" எண்டு கேட்டியள். நானும் "ஓம் அத்தான், நெடுகப் பாக்கிறனாங்கள்" எண்டு சொல்லிப்போட்டன். அது முழுப் பொய். வந்து 19 வருசம். ஒஸ்லோவிலை நான் வானத்தை நிமிந்து பாக்கிறது பஸ் தரிப்பிலை மழை விட்டிட்டுதோ எண்டு அறியத்தான். விஞ்ஞானம் படிப்பிச்ச மனுசனுக்குப் பொய் சொன்னது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. அதுதான், வெளிச்சம் பாக்க தை முதல் கிழமை மனுசியோடை வெளிக்கிட்டன்.

வெளிக்கிட முதலே சண்டை. மனுசி ட்ரொம்சோ எண்டா. பட்டினம், விமானத்திலை ரெண்டு மணித்தியாலம் கூட இல்லை, ஹோட்டல், கடை எல்லாம் இருக்கு. நான் போட்ஸ்ஃபியோர்ட் எண்டன். அது பின்மார்க்கிலை, பேரன்ஸ் கடற்கரையிலை, 2,000 சொச்சம் சனம் இருக்கிற மீன்பிடி ஊர். எங்கட சித்தப்பா 87இலை மீன் ஃபக்டறிக்கு வெட்டு வேலைக்குப் போனவர், இன்னும் அங்கைதான். "வெளிச்சம் பாக்க இருட்டெல்லோ வேணும்?" எண்டு நியாயம் கதைச்சன். பழைய 200 குரோனர் தாளிலை படம் இருந்த பேர்க்கலாண்டையும் துணைக்கு இழுத்தன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வெற்றிடப் பெட்டிக்குள்ள காந்தக் கோளம் ஒண்டை வைச்சு, சூரியனிலையிருந்து வாற துணிக்கையள் துருவப் பக்கம் திரும்பித்தான் இந்த வெளிச்சம் வருது எண்டு செய்து காட்டின ஆள். "அந்த மனுசனே 1899இலை ஆல்ட்டாவுக்குப் பக்கத்திலை ஹால்டே மலை உச்சியிலைதான் நிலையம் கட்டினவர். பட்டினத்திலையே கட்டினவர்?" எண்டன். "மனுசியையும் கூட்டிக்கொண்டே ஏறினவர்?" எண்டா. தேடிப் பாத்தன் அத்தான், அப்ப அவர் கலியாணமே கட்டேல்லை.

கடைசியிலை ரெண்டிடமும் போறதெண்டு முடிவு. காசு என்ர.

ட்ரொம்சோ ஒரு தீவு. தீவுக்கு அடியிலை சுரங்கம், சுரங்கத்துக்குள்ள சுற்றுவட்டம். தை துவக்கத்திலை அங்கை சூரியன் எழும்பவே எழும்பாது. மத்தியானத்திலை மட்டும் நீலம் போட்ட வேட்டி நிறத்திலை கொஞ்ச நேரம் வெளிக்கும்.

முதல் ரெண்டு இரவும் முகில். அப்பதான் விளங்கினது, நாங்கள் பிடிச்ச சண்டையே பிழை எண்டு. உறைப்பான வெளிச்சம் எண்டால் பட்டினத்து நடு வீதியிலையும் தெரியும். மெல்லிசாய் வந்தால்தான் தெரு லைற் விழுங்கும். உண்மையான எதிரி முகில். ஆட்டமெல்லாம் நூறு கிலோமீற்றருக்கு மேலை நடக்க, முகில் எங்கட தலைக்கு மேலை கூரை போட்டுக்கொண்டு நிக்குது. முகில் இல்லாத இடம் தேடி ஓடத்தான் வேணும். பட்டினத்திலை அதுக்கு றோட்டும் இருக்கு, கொண்டு ஓட ஆளும் இருக்கு. மூண்டாம் இரவு ஒரு பொடியன் எங்களை மினிபஸ்ஸிலை ஏத்தி, போனிலை முகில் படத்தைப் பாத்துப் பாத்து, ஸ்கிபோத்தின் எண்ட ஊரையும் தாண்டி எல்லை கடந்து பின்லாந்துக்கே கொண்டுபோய் இறக்கினான். நோர்வே வெளிச்சம் பாக்க வெளிக்கிட்ட ஆக்கள், பின்லாந்திலை, சைபருக்குக் கீழை 24 பாகையிலை நிக்கிறம்.

வாடகைக்குத் தந்த குளிருடுப்பு சாக்குமாதிரி. மனுசி அதுக்குள்ள இறங்க இருபது நிமிசம். போட்டு முடிஞ்சாப் பிறகுதான் ஒண்டுக்குப் போகவேணும் எண்டா.

முதல்லை குப்பை எரிச்ச புகைமாதிரி சாம்பல் கீற்று ஒண்டு. போன் கமெராவிலை மட்டும் பச்சை. "இதுக்கே இவ்வளவு காசு?" எண்டு மனுசி தமிழிலை கேட்டா. பத்து நிமிசத்தாலை அந்தக் கீற்று ஒரு பக்கத்தாலை அவிழ்ந்து, கொடியிலை காயப்போட்ட சீலையைக் காத்துத் தூக்கினமாதிரி வானம் முழுக்க ஆடினது பாருங்கோ! நல்ல பச்சை, கீழ்க் கரையிலை ஊதா. ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய விசயம் சத்தமில்லாமல் நடந்ததுதான் எனக்குப் பயமாயிருந்தது. மனுசியின்ர கையை இறுக்கிப் பிடிச்சன். கையுறை ரெண்டு சோடி போட்டிருந்ததாலை, அது பக்கத்திலை நிண்ட ஜேர்மன் கிழவர் எண்டு பேந்துதான் தெரிஞ்சது. அவரும் கையை இழுக்கேல்லை.

பிறகு போட்ஸ்ஃபியோர்ட். பருத்தித்துறை பஸ்மாதிரி ஊர் ஊராய் இறங்கி ஏறுற சின்ன விமானம். போய் இறங்கின அண்டே புயல். மலைப்பாதை ரெண்டு நாள் பூட்டு. திறந்தாப் பிறகும் தனியப் போகேலாது. பனி தள்ளுற வாகனம் முன்னுக்குப் போக, காரெல்லாம் நல்லூர்த் தேருக்குப் பின்னாலை சனம் போறமாதிரி ஊரவேணும். நாங்கள் குசினியிலை இருந்து கொட் மீன் தலை போட்ட ஒடியல் கூழ் குடிச்சம். சித்தப்பாவிட்டை வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டால், "ஊரிலை மழை பாக்க ஆரும் ரிக்கற் எடுக்கிறதோ?" எண்டுறார்.

கடைசி இரவு, குப்பைப் பையோடை வெளியிலை போன மனுசன் யன்னலிலை தட்டினார்: "பிள்ளையள், வந்திட்டுது!" ரெண்டு காற்சட்டை, மூண்டு மேஸ், சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், வெறும் செருப்போடை நிக்கிறார். வானம் கறுப்பு. "இப்பதான் முடிஞ்சது. அதுக்கென்ன, நாளைக்கும் வரும்" எண்டார். நாளைக்குக் காலமை எங்களுக்கு விமானம்.

நீங்கள் நாலு நாளுக்கு வாறதெண்டால் ட்ரொம்சோ. ரெண்டு கிழமை நிக்கேலுமெண்டால் சித்தப்பா வீடு. ஒவ்வொரு இரவும் குப்பை கொட்டுறது உங்கட பொறுப்பு. அக்கா ஆனியிலை வரலாம் எண்டு சொன்னவவாம். வேண்டாம். ஆனியிலை அங்கை சூரியன் மறையவே மறையாது. சித்தப்பா யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் படுக்கிறவர்.

சித்தப்பாவுக்கு ஒடியல் மா முடிஞ்சு போச்சு, பாதி நாங்கள் குடிச்சது. வரேக்கை ரெண்டு கிலோ கொண்டுவாங்கோ. ஆனா விமான நிலையத்திலை என்ன தூள் எண்டு கேட்டால், தயவுசெய்து பாடம் எடுக்கத் துவங்காதேங்கோ.

அன்புடன்,
உங்கட மச்சான்