நோயே இல்லாத ஆம்பளைகள்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஆண்களுக்குப் பால்வினை நோய் வருவதே இல்லை. சந்தேகமிருந்தால் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று ஓ.பி. சீட்டோடு நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். ஆண்களுக்கு வருவது வெறும் சூடு. கம்பெனியில் மெஷின் சூடு, பைக் சீட்டுச் சூடு. இளநீர் குடித்தால் தணியும். தணியாவிட்டால் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் இருக்கிறார். ‘ரகசியம் காக்கப்படும்’ என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாரே, அவர்தான். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் பாவம், சுவரொட்டி படிப்பதில்லை.

எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோயல்ல. ஆனால் கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணுடம்பில் பெரும்பாலும் சத்தமே போடாமல் இருந்து கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். கட்டினவனைத் தவிர வேறொருவனை அறியாதவளுக்கு அது காற்றிலா வந்தது? மாமியார் கேட்பது மட்டும், “எவன்கிட்ட போயிட்டு வந்தே?” பிள்ளை தங்காவிட்டால் மலடிப் பட்டம் அவளுக்கு. நோயைக் கொண்டுவந்த உத்தமனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பார்கள்.

“வீட்டுக்காரரையும் அழைச்சிட்டு வாம்மா” என்று நர்சம்மா தொண்டை வறளச் சொல்கிறார். இந்த நோய்களுக்கு இருவருக்கும் ஒரே மருந்துதான்: அசித்ரோமைசினும் செஃபிக்சிமும், சாம்பல் நிறப் பொட்டலத்தில். ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். காசு கிடையாது. இவள் விழுங்குகிறாள். அவன், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்கிறான். அடுத்த மாதம் அவள் மறுபடி வரிசையில் நிற்கிறாள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு வடம் பிடிக்கத் துணைநிலை ஆளுநரே வருகிறார். பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கம். அந்தத் தேரையே இழுத்துவிடும் ஆம்பளைகளில் ஒருவனை இந்த வரிசைக்கு இழுத்துவர ஊரில் வடம் இல்லை.

1868-இல் இங்கிலீஷ்காரன் தன் சிப்பாய்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டான். பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை செய்து, நோயிருந்தால் பால்வினை நோய்க்கான ‘லாக்’ ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். நோயோடு வந்த சிப்பாய்க்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 1888-இல் இங்கிலீஷ்காரனே வெட்கப்பட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தான். பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த நம் கொம்யூன்களுக்கு அந்தச் சட்டம் வந்ததே இல்லை. சட்டமில்லாமலே அதை இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம்.

கர்ப்பிணியின் ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆரம்ப நிலை என்றால் பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தவணை, முடிந்தது. புருஷன் போட்டுக்கொள்ளாவிட்டால் அவளுக்கு மறுபடி தொற்றலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் போகலாம். பிள்ளை செத்துப் பிறக்கலாம். அப்போதும் ஊர் சொல்லும், அவள் ராசி.

அண்ணன்மார்களே, ஓ.பி. வரிசையில் நிற்கக் கூச்சமா? 1097 உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். காசில்லை, பெயர் சொல்லவும் வேண்டாம். பேசி முடித்ததும் சுகாதார நிலையத்தில் பொட்டலத்தை வாங்கி, பொண்டாட்டி பார்க்க விழுங்குங்கள்.