என்ன படித்திருக்கிறீர்கள்?

ஐம்பது வருடமாகப் படிக்கிறேன். கதை, பாத்திரம், முடிவு எல்லாமே மறந்துவிடுகிறது. அத்தனையும் வீண்தானா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்

இல்லை அம்மா. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வைக் கல்லூரி நாளில் படித்தேன். கிர்கீசியக் கிராமம், போர்க்காலம். ஜமீலாவின் கணவன் போர்முனையில் இருக்கிறான். ரயில் நிலையத்துக்குத் தானியம் ஏற்றிப் போகும் வண்டிகளில் ஒன்றை, காயம்பட்டு ஊர் வந்த தானியார் ஓட்டுகிறான், பாடுகிறான். அவனோடு அவள் போய்விடுகிறாள். ஊரே தூற்ற, சின்னக் கொழுந்தன் மட்டும் அவள் பக்கம். அந்தக் கிராமத்தின் பெயர் எனக்கும் மறந்துவிட்டது. ஆனால் பிற்பாடு எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனபோது, கூடிப் பேசியவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

வண்டி ஓட்டும்போது ஒலிப்புத்தகம் கேட்கிறேன். அதுவும் வாசிப்பில் சேர்த்தியா?
- லாரி ஓட்டுநர், நாமக்கல்

சந்தேகமே வேண்டாம். பெரிய எழுத்து ‘அல்லி அரசாணி மாலை’யை ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஊர்கள் நம்முடையவை. அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வாசிப்பு ஒரு மனிதரையே மாற்றிவிட்டது என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுங்கள்.
- கல்லூரி மாணவர், கும்பகோணம்

சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1880ஆம் ஆண்டு. கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சரி, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள்? சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எதையும் ஐயர் படித்ததில்லை.

இன்னொருவர் என்றால் முகம் சிவந்து எழுந்து போயிருப்பார். ஐயரோ சிந்தாமணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டினார். சமணக் கொள்கை பிடிபடாத இடங்களில், ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். சைவச் சூழலில் பயின்றவர், 1887இல் அந்தச் சமணக் காப்பியத்தைப் பதிப்பித்தார். 1894இல் புறநானூறு வந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் தமிழ்த் தாத்தா ஆனது இப்படித்தான். அந்தச் சந்திப்பை, தமக்குத் தெரியாமல் போனதையும் சேர்த்தே ‘என் சரித்திரம்’ நூலில் எழுதிவைத்தார். அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

மாப்பிள்ளை பெரிய படிப்பாளியாம், வீடு நிறையப் புத்தகமாம். நம்பிப் பெண் கொடுக்கலாமா?
- இல்லத்தரசி, சிவகாசி

புத்தகத்தை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். சோவியத் தலைவர் ஸ்டாலின் ஆயிரக்கணக்கான நூல்கள் வைத்திருந்தவர். பென்சிலும் கையுமாக, ஓரக்குறிப்பு எழுதிப் படித்தவர். அதே கைதான் மரண தண்டனைப் பட்டியல்களிலும் கையெழுத்துப் போட்டது. வீட்டு வேலைக்கு வருபவரிடம் மாப்பிள்ளை எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள்.

தோழி வருடத்துக்கு நூறு புத்தகம் படிக்கிறாள். நான் பத்தைத் தாண்டுவதில்லை.
- செவிலியர், தென்காசி

அந்தப் பத்தில் ஏதாவது ஒன்றை இரண்டாம் முறை கையில் எடுத்தீர்களா? எடுத்தீர்கள் என்றால் உங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

காலமான அப்பா, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பைண்டு செய்து வைத்திருந்தார். எடைக்குப் போடச் சொல்கிறார் அண்ணன்.
- வங்கி ஊழியர், காரைக்குடி

பொறுங்கள். முதலில் ஒன்றை நிதானமாகப் புரட்டுங்கள். எந்த வரியின் கீழ் கோடு போட்டார், எந்த ஓவியத்தைக் கத்தரித்து அட்டைக்கு உள்ளே ஒட்டினார் என்று பாருங்கள். நீங்கள் பிறப்பதற்கு முந்தைய அப்பாவை உங்களுக்குக் காட்ட வேறு எவரும் இல்லை. பக்கத்துக் கோட்டையூர்க்காரரும் விளம்பரப் பலகை எழுதியவருமான ரோஜா முத்தையா, பிறர் வேண்டாம் என்ற அச்சுத்தாள்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்தது. சென்னை தரமணியில் அவர் பெயரிலுள்ள ஆய்வு நூலகம் அதுதான். அண்ணனையும் ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

வயது 61. இனிமேல் படிக்கத் தொடங்கி நான் என்ன ஆகப் போகிறேன்?
- மளிகைக் கடைக்காரர், அருப்புக்கோட்டை

அது எனக்குத் தெரியாது ஐயா. உங்களுக்கும் தெரியாது, அதற்காகவே தொடங்கலாம். வீட்டு வரியோடு இத்தனை வருடம் நூலக வரியும் கட்டியிருக்கிறீர்கள். கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.