பிளாட்டருக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு மரியாதை உண்டு. யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான். எனக்கு வந்தால் மிளகு ரசம். முன்னறையில் இருக்கும் 24 அங்குல பிளாட்டருக்கு வந்தால் ஏ.சி. அதன் கையேட்டில் அறையின் வெப்பம் 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறதாம். எனக்குக் கையேடு போட்டு அனுப்பவில்லை. தவிர, கட்டட பிளான் அச்சடித்து அது மாதாமாதம் கொண்டுவருவது என் பென்ஷனைவிட அதிகம்.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், ஏ1 தாளில் பாதி மாடிப்படி வந்த நிலையில் 'பிரிண்ட் ஹெட் ஓவர்ஹீட்' என்று திரையில் காட்டிவிட்டு நின்றது. பக்கத்தில் பிளானுக்குச் சொந்தக்கார என்ஜினீயர், கையில் ஹெல்மெட்டோடு. மறுநாள் மாநகராட்சியில் கொடுத்தாக வேண்டும்.

நெருக்கடி வந்தால் எனக்குச் சரித்திரம் வந்துவிடும். "1977-இல் ஜப்பானில், கேனான் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சோல்டரிங் அயர்ன் தெரியாமல் பட்டது, மை பீய்ச்சியடித்தது. பபிள் ஜெட் பிறந்தது அப்படித்தான். ஆகவே சூடு இதற்கு நோயல்ல, தொழில்!" என்றேன். ஹெட்டுக்குள் இருக்கும் பொடி ஹீட்டர்கள் கண் இமைப்பதற்குள் 300 டிகிரியைத் தாண்டுவதையும், மை குமிழியிட்டுத் தன் முன்னால் இருக்கும் துளியை வெளியே தள்ளுவதையும் கையை ஆட்டி விளக்கினேன். என்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொழிலே அதுன்னா இப்ப மட்டும் ஏன் எரர் காட்டுது?" என்றாள் மனைவி.

அது என் சரித்திரத்தில் இல்லை. டேபிள் ஃபேனை பிளாட்டர் பக்கம் திருப்பிவைத்தேன். தாள் பறந்தது.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். "கருப்பு டியூப்ல காத்து நிக்குது பாருங்க. மை போனாத்தானே சூட்டையும் கூட எடுத்துட்டுப் போகும்? தண்ணியில்லாம குக்கரை ஏத்தினா அடி கருகாதா?"

விஷயம் அதேதான். அடுத்தடுத்து வரும் மைதான் ஹெட்டைக் குளிர்விக்கிறது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்தாலும், டியூபில் காற்று புகுந்தாலும், நாசில் அடைத்தாலும் சூடு போக வழியில்லை. சில சமயம் சூடே இருக்காது. ரிப்பன் கேபிளின் முனையில் மை கசிந்து சென்சாரைப் பொய் சொல்ல வைக்கும். அதையும் அவள் பஞ்சு பிசிறாத துணியால் துடைத்துவிட்டுத்தான் மாட்டினாள். ஹெட் ஆறும்வரை என்ஜினீயருக்கு மோர் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிறகு புதுக் கருப்பு கார்ட்ரிட்ஜ், ஒரு ஹெட் கிளீனிங், ஒரு நாசில் செக். கோடுகள் விடுபடாமல் வந்தன. மாடிப்படி மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

சும்மா கிடந்தால் நாசிலில் மை காய்ந்துவிடும் என்பதால் வேலையில்லாத வாரத்திலும் நான்கு நிறத்திலும் ஏதாவது அச்சடித்தே தீரவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதற்குக் காய்கறி லிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 24 அங்குல அகலச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகிறேன். கடைக்காரர் நான்கு மூலையிலும் எடைக்கல் வைத்து விரித்துப் படிக்கிறார். கத்தரிக்காய் கால் கிலோ, மெஜந்தாவில்.